பனிக்கு முத்திரை

ரெய்னோ கார்வி வாழ்ந்த ஏரிக்கரை ஊர்களில் யாரும் யாரிடமும் வாயைத் திறந்து பணம் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. பாக்கி வைத்தவரின் வீட்டுக்குப் போக வேண்டும். காப்பி குடிக்க வேண்டும். ஏரி உறைந்துவிட்டதா, மீன் தூண்டிலைக் கடிக்கிறதா என்று பேச வேண்டும். பிறகு எழுந்து, கதவருகே நின்று, தொப்பியை மாட்டிக்கொண்டே, "இந்த வருஷம் பனி கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று சொல்ல வேண்டும். பாக்கி வைத்தவரின் காது சிவந்துவிடும். மறுநாள் காலைக்குள் பணம் வீடு தேடி வந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் சொன்னதை அங்கே யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அது சொன்னவரை முட்டாளாக்குவது. தான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் மாட்டார்கள். அது கேட்டவரைச் செவிடாக்குவது. அமெரிக்காவில், மிச்சிகனின் வடகோடியில், வருடத்தில் பாதி நாள் பனி விழும் இடத்தில், ஒருவருக்கொருவர் மரியாதையாக வாழ இந்த இரண்டும் போதுமானதாக இருந்தன.

மெல்லன்பி கல்லூரிக்கு இந்த இரண்டு வழக்கமும் தெரியாது. அது வெளியூர்க்காரர்களால் நடத்தப்பட்டது.

அந்தக் கல்லூரியின் சாலைகளிலும் வண்டி நிறுத்தும் மைதானங்களிலும் பனி தள்ளும் வேலையை நவம்பரில் ரெய்னோ ஏற்றுக்கொண்டான். தள்ளினால் மட்டும் போதாது, அள்ளிக்கொண்டும் போய்விட வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தது. பனி குவிந்து கிடந்தால் நிறுவனர் சிலையின் முகம் சாலையிலிருந்து தெரியாதாம். ஆகவே ரெய்னோ கடன் சங்கத்தில் கடன் வாங்கி, முன்னால் பனி தள்ளும் தகடும் பின்னால் டிப்பர் தொட்டியும் வைத்த பெரிய லாரி ஒன்றை வாங்கினான். விடியும் முன்னே போய்ப் பனியைத் தள்ளினான், அள்ளினான், தன்னுடைய காலி நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். மாதக் கடைசியில் பில் அனுப்பினான். நவம்பர் பில் போனது. டிசம்பர் பில் போனது. ஜனவரி பில்லும் போனது. அங்கிருந்து எதுவும் வரவில்லை.

கடன் சங்கத்து மிசஸ் ட்ரெவிசான் ஊர்க்காரி. அவரும் பணம் கேட்கவில்லை. டிசம்பரில் போன் செய்து, "லாரி நல்லா ஓடுதா, ரெய்னோ?" என்று மட்டும் விசாரித்தார். ஜனவரியில், "லாரியக் கழுவித்தான வச்சிருக்கே?" என்றார். பிப்ரவரி தொடக்கத்தில் அவர், "சாவிய வீட்ல எந்த ஆணியில மாட்டுவே?" என்று அன்போடு கேட்டார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையாக யாராலும் பேச முடியாது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் தவணை கட்டாவிட்டால் லாரி போய்விடும். லாரி போனால் அவனிடம் மிச்சம் இருப்பது ஒரு மண்வெட்டி.

ரெய்னோ கல்லூரிக்குப் போனான். பில்களுக்குப் பணம் தரும் பிரிவு முன்பு 'கணக்குப் பிரிவு' என்று இருந்தது. இப்போது 'கூட்டாளிகள் நல்லுறவு அலுவலகம்' என்று பெயர் மாறி, சோபாவும் சின்ன நீரூற்றும் வைத்திருந்தார்கள். அதன் இயக்குநர் கேண்டஸ் ஓவர்ட்டன் காப்பி கொடுத்தார். ரெய்னோ குடித்தான். ஏரி உறைந்ததைப் பற்றிப் பேசினான். கதவருகே போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டு, "இந்த வருஷம் பனி கொஞ்சம் ஜாஸ்திதான்" என்றான்.

"ஆமா, ரொம்ப அழகா இருக்குல்ல?" என்றார் கேண்டஸ். அவர் காது சிவக்கவே இல்லை.

வீட்டில் அவன் மனைவி டார்லா இதைக் கேட்டுவிட்டு, பிசைந்துகொண்டிருந்த மாவை அப்படியே விட்டாள். அவள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி சுட்டு ஒரு கடைக்குப் போடுபவள். கடைக்காரர் அன்றன்றைக்குக் காசு கொடுத்துவிடுவார். கொடுக்காவிட்டால் பாஸ்டியை அவளே சாப்பிட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

"பனி ஜாஸ்தின்னா அந்தம்மா போய் ஒரு கோட்டு வாங்கிக்கும். உனக்குப் பணம் எப்படி வரும்? பணம்னு வாயத் திறந்து சொல்லு. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு வெந்துடாது."

"வேற மாதிரி சொல்லிப் பார்க்கறேன்."

"எப்படி? குளிர் ஜாஸ்தின்னா?"

ரெய்னோ மறுபடி போனான். போகும்போது லாரிக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கேண்டஸின் முன்னால் நின்று, தரையைப் பார்த்தபடி, "பணம் தாமதமாகுது" என்றான். சொல்லி முடித்ததும் யாரையோ அடித்துவிட்டது போல் இருந்தது.

கேண்டஸ் கோபிக்கவில்லை. அவனை சோபாவில் உட்காரவைத்தார்.

"மிஸ்டர் கார்வி, இந்த ஆபீஸ்ல நாங்க தாமதம்ங்கற வார்த்தைய எடுக்கறதே இல்ல. அதுல ஒரு குத்திக்காட்டற தொனி இருக்கு பாருங்க. உங்க பணம் கனிஞ்சுக்கிட்டிருக்கு. காயில பறிச்சா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாருங்க, பணத்த உடனே குடுத்துட்டா நீங்க வாங்கிக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் உறவுன்னு என்ன மிஞ்சும்? பாக்கி இருக்கறதுனாலதான நீங்க தினமும் எங்கள நெனைக்கறீங்க? அந்த நெனப்ப நாங்க ரொம்ப மதிக்கறோம்."

தான் தினமும் அவர்களை நினைப்பது உண்மைதான் என்று ரெய்னோவுக்குப் பட்டது. கேண்டஸ் அவனை வரப்போகும் 'கூட்டாளிகளுக்கு நன்றி' காலை விருந்துக்கு அழைத்தார்.

விருந்து கல்லூரியின் பெரிய கூடத்தில் நடந்தது. பாக்கி வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்; கூடம் நிறைந்துவிட்டது. பான்கேக்கும் மேப்பிள் பாகும் பரிமாறினார்கள். பரிமாறிய சமையல்காரரும் பாக்கி வரவேண்டியவர்களில் ஒருவர்தான் என்று ரெய்னோவின் பக்கத்தில் இருந்த குழாய்க்காரர் காதில் சொன்னார். கல்லூரித் தலைவர் டாக்டர் ஆல்டன் பீவிஸ் எழுந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கல்லூரி செங்கல்லாலயும் சிமெண்டாலயும் எழும்புனதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. இல்ல. இதுல பாதி உங்க பொறுமையால எழும்புனது. மீதிப் பாதி, உங்களுக்கு முன்னால வந்து, இன்னும் காத்துக்கிட்டிருக்கறவங்க பொறுமையால எழும்புனது. பணம் குடுத்து யார் வேணா கட்டடம் கட்டலாம். பணம் குடுக்காம கட்டறதுக்குத்தான் நம்பிக்கை வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு பொறுமைக்கான கேடயங்கள் வழங்கப்பட்டன. தங்கக் கேடயம் நூலகத்துக்குக் கூரை போட்டவருக்கு. அவர் வரவில்லை, அவருடைய மருமகன் வந்து வாங்கிக்கொண்டார். அந்தக் கூரை ஒழுகி, அதைப் பிரித்து, வேறொருவர் புதுக்கூரை போட்டிருந்தார். அவருக்கு வெள்ளி. ரெய்னோவுக்கு வெண்கலம் கிடைத்தது. "இவ்வளவு சின்ன வயசுலயே," என்று தலைவர் அவன் தோளைத் தட்டினார்.

கேடயத்தோடு வெளியே வந்தபோது லாரியின் கண்ணாடியில் ஒரு சீட்டு செருகியிருந்தது. அனுமதி அட்டை இல்லாமல் வண்டியை நிறுத்தியதற்கு அபராதம். ஒரு வாரத்துக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பாகும். அந்த இடத்தில் அன்று விடியலில் பனியை அள்ளி நிலத்தைத் தெரியவைத்தவன் ரெய்னோதான். அதைச் சொல்லலாமா என்று யோசித்தபடியே அபராத ஜன்னலுக்குப் போனான். அங்கிருந்த பெண் பணத்தை வாங்கி, எண்ணி, முத்திரை குத்தி, ரசீதைக் கொடுத்துவிட்டார். அவனால் தொப்பியைக் கழற்றக்கூட முடியவில்லை, வேலை முடிந்துவிட்டது. அங்கே எந்தத் தாமதமும் இல்லாததைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்தது. கையில் முத்திரை இருந்தால் இவர்கள் வேகமானவர்கள்தான்.

நம்பிக்கை வீண் போகவில்லை. மறுநாள் கேண்டஸே கூப்பிட்டு, சிக்கல் என்னவென்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். கல்லூரி 'ஹார்மனி' என்ற புதிய கணினி முறைக்கு மாறியிருந்தது. அதில் ஆர்டர், பில், சரக்கு வந்து சேர்ந்ததற்கான முத்திரை, மூன்றும் ஒத்துப்போனால் அன்றே செக் வந்துவிடும். ரெய்னோவின் ஆர்டரைப் பதிவு செய்தபோது அந்த முறையில் 'வேலை' என்ற பிரிவே இல்லையாம். புத்தகம், நாற்காலி, ஆய்வக எலி, பிற பொருள் என்றுதான் இருந்ததாம். ஆகவே யாரோ 'பிற பொருள்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'பனி' என்று போட்டு, அளவை டன்னில் எழுதியிருந்தார்கள்.

"உங்க ஆர்டர் இருக்கு. உங்க பில்லும் இருக்கு," என்றார் கேண்டஸ். "சரக்குதான் இன்னும் வந்து சேரல. சேராத சரக்குக்கு நாங்க எப்படிப் பணம் குடுக்க முடியும், மிஸ்டர் கார்வி? இந்த மாசக் கடைசிக்குள்ள டெலிவரி பண்ணிட்டீங்கன்னா போதும். சரக்கு வாசல்ல லெஸ்டர் இருப்பார்."

திருப்பிக் கேட்கலாமா என்று ரெய்னோவின் நாக்கு துடித்தது. ஆனால் ஒரு பெண்மணியை, அதுவும் இவ்வளவு படித்தவரை, முட்டாளாக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"சரிங்க," என்றான்.

டார்லா ஜன்னல் வழியாக நிலத்தைப் பார்த்தாள். நவம்பரிலிருந்து கல்லூரியின் பனி முழுவதும் அங்கே ஒரு மலையாக நின்றது. மாலை வெயிலில் அதன் உச்சி ரோஜா நிறத்தில் இருந்தது. தூரத்து நாட்டு மலை ஒன்று வழி தவறி அவர்கள் கொல்லைக்கு வந்துவிட்டது போல. "நல்ல வேளை, யாருக்கும் வித்துடல," என்றாள்.

சரக்கு வாசலில் லெஸ்டர் பல வருடங்களாக இருந்தார். கல்லூரிக்குள் வரும் எதுவும் அவருடைய முத்திரை இல்லாமல் வந்ததாக ஆகாது. முதல் லாரி பின்பக்கமாக வந்து நின்றதும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கையில் இருந்த ஆர்டரைப் பார்த்தார். பனி என்றுதான் இருந்தது. உள்ளே இருந்ததும் பனிதான். அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. நாற்காலிக்கு ஆர்டர் போட்டால் மேஜை வந்து இறங்கிய அனுபவம் அவருக்கு நிறைய உண்டு.

"உடையற பொருளா?"

"இல்லீங்க."

"எந்தப் பக்கம் மேல இருக்கணும்?"

"எப்படி இருந்தாலும் பரவால்ல."

"காலாவதி தேதி?"

ரெய்னோ யோசித்தான். "ஏப்ரல். சில வருஷம் மே வரைக்கும் தாங்கும்."

லெஸ்டர் அதையும் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார். ஒரு லோடை மட்டும், அதில் சரளைக்கல் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். ரெய்னோ அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நல்ல வெள்ளையாகப் பார்த்து வேறு அள்ளி வந்தான். லெஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்து, "இது தரம்," என்றார்.

இரண்டு நாளில் கிடங்கு கூரைவரை நிறைந்துவிட்டது. கிடங்கு நிறைந்தால் கல்லூரிக்குச் சொந்தமான எந்தக் காலி இடத்திலும் சரக்கை இறக்கலாம் என்று விதி இருந்தது. காலியாக இருந்தவை, விடியலில் ரெய்னோ சுத்தம் செய்திருந்த மைதானங்கள். காலையில் பனியை அள்ளி எடுத்த இடத்திலேயே மதியம் பனியைக் கொண்டுவந்து இறக்கினான். ஒவ்வொரு குவியலின் மேலும் லெஸ்டர் மஞ்சள் அட்டை ஒன்றைக் குத்தி வைத்தார்: மெல்லன்பி கல்லூரியின் சொத்து, நகர்த்தக் கூடாது.

முதலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அட்டை இருந்ததால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பேராசிரியர்கள் நினைத்தார்கள். பிறகு, நிலவியல் துறை தங்களுக்கு ஒரு குவியல் வேண்டும் என்று கேட்க, துறைவாரியாக ஒதுக்கீடு நடந்தது. தத்துவத் துறைக்குக் குறைவாகக் கொடுத்துவிட்டார்கள் என்று கண்டனக் கூட்டம் போட்டார்கள். வரலாற்றுத் துறைக்கு நவம்பர் பனி கிடைத்தது. பழையது என்பதால் அவர்களுக்குப் பெருமை. மாணவர்கள் சாப்பாட்டுக்கூடத் தட்டுகளில் உட்கார்ந்து வணிகவியல் துறையின் பங்கில் சறுக்கினார்கள். நிறுவனர் சிலை தொப்பிவரை மறைந்தது.

கடைசி லோடு வியாழக்கிழமை மாலை இறங்கியது. தலைமைக் கட்டடத்தின் வாசல் மட்டுமே பாக்கி இருந்ததால் அங்கேதான் இறக்க வேண்டியிருந்தது. லெஸ்டர் கடைசி முத்திரையைக் குத்தினார். ஹார்மனியில் மூன்றும் ஒத்துப்போய்விட்டன. அடுத்த நாள் காலையில் செக் அச்சாகிவிட்டதாகக் கேண்டஸ் போன் செய்தார். அவர் குரல் முன்புபோல் இல்லை.

"மிஸ்டர் கார்வி, செக்குல தலைவர் கையெழுத்துப் போடணும். தலைவர் உள்ள இருக்கார். வாசல் திறக்கல. ராத்திரி அறங்காவலர்கள் எல்லாம் வேற வர்றாங்க, வண்டி நிறுத்த ஒரு அடி இடம் இல்ல."

"தள்ளிடட்டுங்களா?"

"ஐயோ, தள்ளக் கூடாது. அது இப்ப எங்க சொத்து. சொத்த நகர்த்தறதுக்குக் குழு கூடணும்."

"குழு எங்க கூடும்?"

"அந்தக் கட்டடத்துக்குள்ளதான்," என்றார்.

மிசஸ் ட்ரெவிசான் சங்கத்தை மாலையில் பூட்டுவார். அதற்குள் செக் போய்ச் சேர வேண்டும். ரெய்னோ லாரியை ஓட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தான். கேண்டஸ் கம்பளிக் கோட்டில் நடுங்கியபடி வாசலுக்கு எதிரே நின்றிருந்தார்.

"புதுசா விழுந்த பனின்னா நீங்க தள்ளலாம்," என்றார். "உங்க ஒப்பந்தத்துலயே இருக்கு. ஆனா இது பழசு."

"எது பழசு, எது புதுசுன்னு எப்படிங்க பார்க்கறது?"

"அட்டை இருந்தா பழசு."

இருவரும் குவியல்களைப் பார்த்தார்கள். முந்தின இரவு ஏரிப் பக்கமிருந்து பிப்ரவரிக் காற்று அடித்திருந்தது. ஒரு குவியலிலும் அட்டை இல்லை. மஞ்சள் அட்டைகள் எல்லாம் தூரத்தில் மரங்களின் மொட்டைக் கிளைகளில், அந்தப் பருவத்தில் அந்த ஊர் பார்த்தேயிராத இலைகளைப்போல, படபடத்துக்கொண்டிருந்தன.

கேண்டஸ் அதை வெகுநேரம் பார்த்தார். "ராத்திரி பயங்கரமா பனி விழுந்திருக்கு போல," என்றார் மெதுவாக.

"ஜாஸ்திதான்," என்றான் ரெய்னோ.

தகட்டை இறக்கினான். வாசல்வரை ஒரு பாதை வெட்டியதும் டாக்டர் பீவிஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் முந்தின நாள் மாலையிலிருந்து உள்ளேயே உரை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். வாசல் அடைபட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. கேண்டஸ் நீட்டிய செக்கில் லாரியின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரெய்னோவை உற்றுப் பார்த்தார். "வெண்கலம் வாங்கினவர்தான நீங்க? இவ்வளவு சீக்கிரம் வாங்கிட்டீங்களே. தங்கம் வரைக்கும் வருவீங்கன்னு நெனச்சேன்."

ரெய்னோ கடன் சங்கத்துக்குப் போனபோது மிசஸ் ட்ரெவிசான் கோட்டு மாட்டி, கையுறை போட்டு, லாரியை இழுத்துப்போக வரும் ஆளுக்காக வாசலில் நின்றிருந்தார். செக்கை வாங்கிப் படித்தார். அதில் எதற்காகப் பணம் என்ற இடத்தில் 'பனி, பல டன், நல்ல நிலையில் வந்து சேர்ந்தது' என்று இருந்தது. அவர் திருப்பிக் கேட்கவில்லை. "சாவிய அதே ஆணியில மாட்டிக்க," என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவன் திரும்பிப் போய், அறங்காவலர்கள் வருவதற்குள் முடிந்தவரை அள்ளினான். அதற்கும் ஒரு பில் அனுப்பினான். அது கனியத் தொடங்கியது.

மே மாதம் கல்லூரியின் தணிக்கையாளர் போன் செய்தார். கல்லூரி விலை கொடுத்து வாங்கிய பனியில் ஒரு கைப்பிடிகூடக் கிடங்கில் இல்லை. லெஸ்டரை விசாரித்ததில், காலாவதி தேதி முன்கூட்டியே எழுதப்பட்டிருப்பதாக அவர் காட்டிவிட்டார்.

"அது உருகிடுச்சுங்க," என்றான் ரெய்னோ.

"காரணம் எங்களுக்கு வேண்டாம். சரக்கு கெட்டுப்போயிருக்கு. மாத்தித் தருவீங்களா, மாட்டீங்களா?"

டார்லா அடுப்பருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். ரெய்னோ ஜன்னலுக்கு வெளியே, மலை நின்ற இடத்தில் முளைத்திருந்த பச்சைப் புல்லைப் பார்த்தான்.

"நவம்பர்ல வந்துடும்," என்றான்.

"டெலிவரிக்குத் தனியா பணம் கேப்பீங்களா?"

"இல்லீங்க. நேரா உங்க இடத்துலயே வந்து இறங்கிடும்."

அந்த வருடம் அக்டோபர் கடைசியிலேயே முதல் பனி விழுந்தது. காலையில் கேண்டஸ் கூப்பிட்டார். சொன்ன தேதிக்கு முன்பே சரக்கு வந்துவிட்டதற்கு நன்றி சொன்னார். நேரம் தவறாத கூட்டாளிகளைப் பார்ப்பது இந்தக் காலத்தில் எவ்வளவு அரிது என்றும் வருத்தப்பட்டார்.

கிறிஸ்துமஸ் வாக்கில், கெட்டுப்போன சரக்குக்கு ஈடான பனி முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகு விழுவதெல்லாம் புதுச் சரக்கு என்று ஹார்மனி எடுத்துக்கொண்டது. வாரம் ஒரு செக் வர ஆரம்பித்தது. ரெய்னோ முதல் செக்கை எடுத்துக்கொண்டு நேரே கேண்டஸிடம் போனான். "இது தானா விழுந்ததுங்க. நான் அனுப்பல," என்றான்.

கேண்டஸ் சிரித்து அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்க அடக்கம் இருக்கே," என்றார்.

ரெய்னோ சொல்லிவிட்டான். இரண்டாம் தடவை சொல்வது மரியாதை இல்லை.

இப்போதெல்லாம் அவன் விடியலில் லாரியோடு போகும்போது லெஸ்டர் மைதானத்தின் நடுவில் நிற்பார். தோளிலும் தொப்பியிலும் பனி சேர்ந்திருக்கும். மேலே பார்ப்பார், சரக்கின் தரத்தைக் கவனிப்பார், கையில் உள்ள தாளில் முத்திரை குத்துவார். ரெய்னோ கை அசைத்துவிட்டு, அவர் நிற்கும் இடத்தை மட்டும் விட்டுச் சுற்றித் தள்ளுவான். விழும் பனிக்கு அன்றன்றைக்குப் பணம் வந்துவிடுகிறது. அதைத் தள்ளுவதற்கான பணம் இன்னும் கனிந்துகொண்டிருக்கிறது.